வானத்துக்கு எத்தனை கங்காணி?

வாடா பேராண்டி, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு. உங்கம்மா போன்ல எல்லாம் சொல்லிட்டா. செயற்கைக்கோள் பார்த்து வழி சொல்ற விவகாரத்துல இருக்கிற இலாகாக்களை எல்லாம் ஒண்ணா உட்கார வைக்கிற வேலைக்கு புத்ராஜெயாவுல மனுப் போட்டிருக்கியாமே. நல்ல வேலைடா. குளுகுளு அறை, கழுத்துல அட்டை, கூட்டத்துக்குக் கூட்டம் கறிப்பாப். இப்பேர்ப்பட்ட வேலைக்குப் போறவனை நாலு புத்தி சொல்லாம அனுப்பினா குளுவாங் பூரா என்னைத்தான் ஏசும்.

பால்மரம் சீவின கிழவனுக்கு வானத்தைப் பத்தி என்ன தெரியும்னு வாயைக் கோணாதே. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல போய் நின்னவன் நான். இன்னிக்கு மழையா, வேலை உண்டா இல்லையான்னு மேல பார்த்தே சொல்லுவோம். உங்க ஆபீசருங்களும் மேலதான் பார்க்கறாங்க. கையில கூடுதலா ஒரு பெட்டி, மாசக் கடைசியில கூடுதலா சம்பளம். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் புத்தி: சேர்ந்த உடனே எதையும் ஒருங்கிணைச்சுத் தொலைச்சிடாதே. ஒருங்கிணைச்சு முடிச்சிட்டா அப்புறம் உனக்கு அங்கே என்ன வேலை? கிராணி கணக்கை ஒழுங்கா எழுதிட்டா தணிக்கைக்காரன் பட்டினி கிடப்பான். மெதுவாப் போ. முதல்ல ஆளைக் கணக்கெடு. நிலத்தை அளக்கிறது ஜூபெம், அதான் நில அளவை இலாகா. விமானத்துக்கு வான் போக்குவரத்து ஆணையம். கப்பலுக்குக் கடல்துறை இலாகா. அலைவரிசைக்குத் தொடர்பு பல்லூடக ஆணையம். பஸ்ஸுக்கும் லோரிக்கும் தரைப் போக்குவரத்துக்காரங்க. விண்வெளிக்குன்னு தனியா மைசா. அது 2019-ல ரெண்டு பழைய அமைப்பை ஒண்ணாக்கிப் பொறந்த பிள்ளை. ராணுவம் வேற இருக்கு, அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்க. இவங்க எல்லாரும் ஒரே அமைச்சுலயா இருக்காங்க? அதுவும் இல்லை. தோட்டத்துல ஒரு நிரைக்கு ரெண்டு கங்காணி போட்டா அன்னிக்குப் பால் ஸ்டோருக்குப் போகாது, சண்டைதான் துரை பங்களாவுக்குப் போகும். வானத்துக்கு எத்தனை கங்காணின்னு நீயே எண்ணிக்க.

கொள்கை இல்லாமலா இருக்கு? தேசிய விண்வெளிக் கொள்கை 2030 இருக்கு. 2022-ல மலேசிய விண்வெளி வாரியச் சட்டமும் நிறைவேத்திட்டாங்க. மேல பொருள் ஏத்தறவனுக்கு லைசென்ஸ், பதிவு எல்லாம் அதுல உண்டு. ஏத்தறதுக்குச் சட்டம் வந்தாச்சு. மேல இருந்து கீழ விழுதே சிக்னல், அது ஒரு நாள் விழாமப் போனா யாரைக் கேட்கறதுன்னு நீ வேலைக்குப் போன முதல் வாரம் ஒவ்வொரு கதவாத் தட்டிக் கேளு. உடம்புக்கு நல்ல நடைப்பயிற்சி.

நம்ம ஜொகூரையே எடுத்துக்க. வெள்ளைக்காரன் வழியில, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மூலப்புள்ளி வச்சுத்தான் காணி அளந்தாங்க. காசினி முறைன்னு பேரு. கிளந்தானுக்கு ஒரு குன்று, பேராக்குக்கு ஒரு மலை, நெகிரி செம்பிலானும் மலாக்காவும் கூட்டுக்குடித்தனம். இப்படித் தீபகற்பத்துக்கு மட்டும் ஒன்பது. ஜொகூருக்குக் குளுவாங் பக்கத்து குனோங் பெலூமுட். அவனவன் மலைதான் உலகத்துக்கு நடுன்னு கணக்குப் போட்டா, மாநில எல்லையில ரெண்டு கணக்கும் முட்டிக்குமா முட்டிக்காதா? முட்டிக்கிச்சு. செயற்கைக்கோள் வந்தப்புறம், 2003-ல, உலகம் பூரா ஒத்துப்போற மாதிரி ஜி.டி.எம். 2000-ன்னு புதுச் சட்டகம் கொண்டாந்தாங்க. அப்பவும் மாநிலத்துக்கு ஒரு மூலப்புள்ளியை விட்டுக்கொடுக்கல, அது வேற கதை. ஆனா நம்ம புள்ளி மலையை விட்டு இறங்கிடுச்சு. இறங்கி எங்கே வந்துச்சு தெரியுமா? குளுவாங் இன்ஸ்டிட்யூட் ஹைவானுக்கு. ஆமாண்டா, கால்நடை நிலையம். ஜொகூர் பாருவுல மில்லியன் கணக்குல விலை போற மனையா இருந்தாலும், செகாமட்டுல செம்பனைக் காணியா இருந்தாலும், எல்லைக்கல்லோட கணக்கு எங்க ஊர் மாடுங்க மேயற எடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. புத்ராஜெயாவுல எவனாவது உன்னை எந்த ஓரத்துல இருந்து வர்றேன்னு கேட்டா, ஜொகூருக்கே நடுவுல இருந்து வர்றேன்னு சொல்லு. ஆதாரம் ஜூபெம் கிட்ட இருக்கு.

சட்டகம் போட்டு நிமிர்ந்து ஒன்றரை வருஷம் ஆகல, 2004 டிசம்பர் 26-ல சுமத்ரா குலுங்குச்சு. சுனாமி கொண்டு போனதை ஊரே பார்த்துச்சு. நிலம் நகர்ந்ததை நில அளவைக்காரன்தான் பார்த்தான். லங்காவி பக்கம் சுமார் 17 சென்டிமீட்டர். தெற்கே வர வரக் குறைச்சல். மறுவருஷம் நியாஸ், 2007-ல பெங்கூலு, திரும்பத் திரும்ப. கல்லை எவனும் பிடுங்கி நடல, கல்லு நின்ன தரையே போயிடுச்சு. ஜூபெம்காரங்க உட்கார்ந்து 2009-ல எல்லாத்தையும் திருத்தினாங்க. இதைக் கண்டுபிடிக்க முடிஞ்சதே, ராப்பகலா மேல பார்த்துக்கிட்டு அசையாம நிக்கிற நிலையங்களை அவங்க ஊர் ஊரா நட்டு வச்சதால. இப்ப நாடு பூரா 70-க்கு மேல இருக்கு. குக்குப்புல ஒண்ணு, ஜொகூர் ஜெயாவுல ஒண்ணு. நான் யாரையும் லேசுல பாராட்ட மாட்டேன். இந்த வேலையைப் பாராட்டறேன். சத்தம் போடாம நடக்கற வேலைக்குத்தான் பட்ஜெட்டுல முதல் வெட்டு விழும், அதையும் ஞாபகம் வச்சுக்க.

இப்ப பாசீர் கூடாங் கதைக்கு வா. நீ இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனா, வேற எதையும் படிக்காதே, இது ஒண்ணு போதும்.

தெற்கு ஜொகூர் தலைக்கு மேல போற விமானத்துக்கு வழி சொல்றது 1974-ல இருந்து சிங்கப்பூர்க்காரங்க. நிலம் நம்மது, மேல வேலை அவங்களுது. பல வருஷம் அது யார் கண்ணையும் உறுத்தல. 2018 நவம்பர்ல அவங்க செலெத்தார் விமான நிலையத்துல புது முனையம் திறந்தாங்க. காற்றாடி வச்ச சின்ன விமானங்களைச் சாங்கியில இருந்து அங்கே மாத்தறதா ஏற்பாடு. இறங்கறதுக்கு ஐ.எல்.எஸ். வைக்கப் போறோம்னாங்க. அது என்னன்னா, ஓடுபாதை ஓரத்துல இருந்து ரெண்டு ரேடியோக் கற்றை மேல கிளம்பும். ஒண்ணு இடம் வலம் காட்டும், இன்னொண்ணு எவ்வளவு சரிவுல இறங்கறதுன்னு காட்டும். விமானம் அதைப் பிடிச்சுக்கிட்டு நேர்க்கோட்டுல இறங்கும். அந்த நேர்க்கோட்டை வடக்கே நீட்டிப் பாரு, நம்ம பாசீர் கூடாங் தலைமேல வந்து நிக்கும். துறைமுகம், புகைக்கூண்டு, பளுதூக்கி எல்லாம் இருக்கிற ஊரு. விமானம் தாழ்ந்து வரணும்னா கீழ கட்டடம் உயரக் கூடாது. அடுத்த வீட்டுக்காரன் ஓடுபாதைக்காக என் வீட்டு மாடியை நான் எதுக்குக் குறைக்கணும்னு நம்மாளுங்க கேட்டாங்க. 2018 டிசம்பர் 4-ல போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் நாடாளுமன்றத்துல எழுந்து, தெற்கு ஜொகூர் வான்வெளியைப் படிப்படியா நாமே திரும்ப எடுத்துக்கிறோம்னு சொன்னாரு.

சிங்கப்பூர்க்காரங்க, இந்த ஐ.எல்.எஸ். ஜனவரி 3-ல இருந்துன்னாங்க. நாம, பாசீர் கூடாங் மேல தடை வான்வெளி ஜனவரி 2-ல இருந்துன்னோம். ஒரு நாள் முந்தினோம்டா! அதுல நமக்கு ஒரு சந்தோஷம். நடுவுல நம்ம ஃபயர்ஃப்ளை விமானம் டிசம்பர் 1-லயே சிங்கப்பூர்ப் பயணத்தை நிறுத்திட்டு சுபாங்குல கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. அதே சமயம் கடல்லயும் துறைமுக எல்லைச் சண்டை. மேலயும் கீழயும் ஒரே நேரத்துல வாய்த்தகராறு, நடுவுல சிங்கப்பூர் போற தம்பாக்குல வழக்கம் போல நம்ம பிள்ளைங்க மோட்டார்ல புகையைக் குடிச்சுக்கிட்டு வேலைக்குப் போய்ட்டு வந்தாங்க. அவங்களுக்கு எந்தச் சண்டையும் ஒரு நிமிஷம் குறைச்சுக் கொடுக்கல.

2019 ஏப்ரல் 6-ல லோக்கும் சிங்கப்பூர் அமைச்சர் காவ் பூன் வானும் கூட்டறிக்கை விட்டாங்க. அவங்க ஐ.எல்.எஸ்.ஸை வாபஸ் வாங்கினாங்க, நாம தடையைக் காலவரையில்லாம நிறுத்தி வச்சோம். அதுக்குப் பதிலா செலெத்தாருக்கு ஜி.பி.எஸ். பார்த்து இறங்கற முறையை உருவாக்கறதுன்னு முடிவு. தரையில இருந்து கற்றை வேணாம். வானத்துல இன்ன எடம், இன்ன உயரம்னு புள்ளி புள்ளியா எழுதி விமானத்துப் பெட்டிக்குள்ள வச்சிடலாம். நேர்க்கோட்டுலதான் வரணும்னு கட்டாயமும் இல்லை. அந்த மாசமே ஃபயர்ஃப்ளை செலெத்தாருக்குப் பறந்துச்சு. ரெண்டு அரசாங்கம் நாலு மாசம் மல்லுக்கட்டினதைக் கடைசியில தீர்த்து வச்ச பெரிய மனுஷன் யாருன்னு பாரு: 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற அமெரிக்காக்காரன் கோள். வெத்தலை பாக்குக்கூடக் கேட்கல.

இதுல ஒரு வேடிக்கை கேளு. கூட்டறிக்கை வந்த அதே ஏப்ரல் 6 முடிஞ்சு ஏழு பொறக்கிற நேரம், உலக நேரப்படி நடுராத்திரி, அந்த ஜி.பி.எஸ். வாரக் கணக்கு திரும்பச் சுழியத்துக்கு வந்துச்சு. நம்ம பஞ்சாங்கத்துல அறுபது வருஷம் முடிஞ்சா மறுபடி பிரபவ. அவன் பஞ்சாங்கத்துல 1,024 வாரம். சரியாப் பார்த்து வச்சவனுக்கு ஒண்ணும் ஆகல. நியூயார்க் நகராட்சியோட கம்பியில்லா வலை படுத்துடுச்சு. அவ்வளவு பெரிய ஊருல அந்த வலைக்கு முன்கூட்டியே தேதி பார்த்துச் சொல்ல ஒரு அய்யர் கிடைக்கலபோல.

ரெண்டாவது புத்தி: எது கெட்டுப் போனாலும் முதல்ல செயற்கைக்கோள் மேல பழியைப் போடு. அது மறுத்துப் பேசாது. 2017 ஆகஸ்ட் 21 விடியக்காலைல, சிங்கப்பூர் நீரிணைக்குக் கிழக்கு வாசல்ல, நம்ம ஜொகூர் கரைக்கு அந்தாண்ட, அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், அல்னிக் எம்.சி.ங்கிற எண்ணெய்க் கப்பலோட மோதுச்சு. பத்து மாலுமிங்க செத்துப் போனாங்க. உடனே உலகம் பூரா, எவனோ ஜி.பி.எஸ்.ஸை ஏமாத்திட்டான், கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டான்னு பேச்சு. விசாரிச்சா, அப்படி எதுவும் இல்லை. கப்பல் மேடையில சுக்கானை ஒரு திரையில இருந்தும், வேகத்தை இன்னொரு திரையில இருந்தும் பார்த்துக்கன்னு பிரிச்சிருக்காங்க. பிரிக்கும்போது சுக்கானும் சேர்ந்து பக்கத்துத் திரைக்குப் போயிடுச்சு. இவன் சுக்கான் செத்துப் போச்சுன்னு கத்தறான். அது பக்கத்துல உயிரோட இருக்கு. யார் கையில இருக்குன்னு அந்தச் சில நிமிஷம் யாருக்கும் தெரியல. இதைச் சொல்லும்போது நான் சிரிக்கல, பார்த்துக்க. உன் மேசைக்கு வரப்போற எல்லா ஃபைலுக்குள்ளயும் இந்தக் கேள்விதான் ஒளிஞ்சிருக்கும்.

மூணாவது, லோரிக்காரனை மதி. அந்த ஜி.பி.எஸ். கோள்ல இருந்து வர்ற சிக்னல் இங்கே தரைக்கு வந்து சேரும்போது உயிரே இருக்காது, அவ்வளவு பலவீனம். அதே அலைவரிசையில பக்கத்துல ஒரு சின்னக் கருவி இரைஞ்சாப் போதும், கேட்காது. அமெரிக்காவுல நியூவார்க் விமான நிலையத்துல, கோள் சிக்னலைத் திருத்திச் சொல்றதுக்குன்னு வச்சிருந்த கருவி அப்பப்பத் தடுமாறுச்சு. தேடிப் பார்த்து 2012-ல பிடிச்சாங்க. ஒரு டிரைவர், தான் எங்கே போறேன்னு முதலாளி பார்க்கக் கூடாதுன்னு கம்பெனி பிக்கப்ல தடுப்புக் கருவி மாட்டியிருந்தான். மறுவருஷம் 31,875 டாலர் அபராதம். பயங்கரவாதியும் இல்லை, பகை நாடும் இல்லை. வேலை நேரத்துல எங்கேயோ போய் உட்கார நினைச்ச ஒரு ஆளு.

இப்ப இதை நம்ம ஊருக்குக் கொண்டு வா. பாசீர் கூடாங் துறைமுகத்துக்குப் போற ஒரு லோரியில எவனோ அதே கருவியை மாட்டறான்னு வை. தலைக்கு மேல செலெத்தாருக்கு ஜி.பி.எஸ். பார்த்து ஒரு விமானம் இறங்குது. கருவி வச்சிருந்தவனைப் பிடிக்கறது அலைவரிசை ஆணையமா? லோரியை நிறுத்தறது சாலைப் போக்குவரத்து இலாகாவா, போலீசா? விமானிக்குச் சொல்றது நம்ம வான் ஆணையமா, மேல வேலை பார்க்கிற சிங்கப்பூர்க்காரனா? பக்கத்துல ஜொகூர் நீரிணையில நிக்கிற கப்பலுக்கு யார் சொல்லுவா? நில அளவைக்காரன் நிலையத்துல தடுமாற்றம் முதல்ல தெரிஞ்சிருக்கும், ஆனா அவன் யார்கிட்ட சொல்லணும்? ஒரு லோரிக்கு எத்தனை இலாகா, ரெண்டு நாடு! நீ போய் உட்காரப் போற நாற்காலிக்கு உண்மையான வேலை இதுதான், கொள்கைப் புத்தகத்துக்கு அட்டைப்படம் தேடறது இல்லை.

சொந்தமாக் கோள் வச்சிருக்கிறவனுக்கு இந்தத் தலைவலி இல்லைன்னு எவனாவது சொன்னா நம்பாதே. ஐரோப்பாக்காரன் கலிலியோன்னு தனியா ஒரு படையே வச்சிருக்கான். 2019 ஜூலையில ஒரு வாரத்துக்குக் கிட்ட அது வேலைக்கு ஆகல. மேல கோளெல்லாம் நல்லாத்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கீழ தரையில நேரத்தைக் கணக்குப் பண்ற எடத்துல கோளாறு. இந்தியாவோட நாவிக்ல, முதல் கோள்ல வச்ச மூணு அணுக் கடிகாரமும் ஒண்ணு விடாம நின்னு போச்சு. எல்லாம் கடைசியில நேரம்தான்டா. ஒரு நொடியில நூறு கோடியில ஒரு பங்கு தப்பினா இங்கே ஒரு அடி தள்ளிக் காட்டும். மேல கடிகாரம் நாளைக்கு 38 மைக்ரோ நொடி வேகமா ஓடும்னு ஐன்ஸ்டீன் கணக்குப்படி திருத்தி வைக்கிறான். விட்டா ஒரே நாள்ல பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போயிடும், குளுவாங்ல பஸ் ஏறினவன் காட்டுல நிப்பான்.

அமெரிக்காக்காரன் இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் 2004-ல அதிபர் உத்தரவு போட்டு, பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சரையும் போக்குவரத்துத் துறைத் துணை அமைச்சரையும் ஒரே குழுவுக்கு இணைத் தலைவராக்கினான். கீழ ஒரு ஒருங்கிணைப்பு அலுவலகம். துப்பாக்கி வச்சிருக்கிறவனும் விமானம் இறக்கறவனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தே ஆகணும். கோள் அவனுது, பணம் அவனுது, அவனுக்கே இது தேவைப்பட்டிருக்கு. வழி சொல்ற கோள் ஒண்ணுகூட இல்லாத நமக்கு எவ்வளவு தேவைப்படும்?

கடைசியா ஒண்ணு. பழசைத் தூக்கிப் போடச் சொல்லி ஒருத்தன் கண்டிப்பா வருவான், கையில வண்ணப் படம் போட்ட விளக்கத்தோட. ஜி.பி.எஸ். இருக்கும்போது தரைக் கருவி எதுக்கு, கலங்கரை விளக்கம் எதுக்கு, காகித வரைபடம் எதுக்குன்னு கேட்பான். அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து உட்கார வச்சு, 2016-ல தென் கொரியாவுல என்ன ஆச்சுன்னு கேளு. வடக்கே இருந்து தடுப்பு அலை விட்டான், மீன் பிடிக்கப் போன படகெல்லாம் திசை தெரியாமக் கரைக்குத் திரும்புச்சு. அவங்க தரையில இருந்து பலமா அலை விடற பழைய லோரான் முறையைப் புதுசாக்கி வச்சுக்கிட்டாங்க. நம்ம மெர்சிங்லயும் குக்குப்லயும் படகு இருக்கு. பத்து பூத்தேல 1851-ல கட்டின ஹார்ஸ்பர்க் விளக்கு இன்னும் எரியுது. அது யாருதுன்னு 2008-ல ஹேக் நீதிமன்றம் சிங்கப்பூருக்குச் சொல்லிடுச்சு, நமக்கு மனசு ஆறல. ஆனா சிக்னல் செத்துப்போன ராத்திரியில கப்பல் ஓட்டறவன் விளக்கோட பட்டாவைத் தேட மாட்டான், வெளிச்சத்தைத்தான் தேடுவான்.

போய்ட்டு வா. முதல் நாளே லோகோ, குறிக்கோள் வாசகம், துணைக்குழு, துணைக்குழுவுக்கு ஒரு துணைக்குழுன்னு ஒவ்வொண்ணா உன் மேசைக்கு வரும். எதுலயும் கையெழுத்துப் போடாதே. ஒரே ஒரு போன் நம்பர் கேளு. ராத்திரி ரெண்டு மணிக்கு சிக்னல் போச்சுன்னா, பாசீர் கூடாங் துறைமுகத்துல இருக்கிறவன், செனாய் விமான நிலையத்துல இருக்கிறவன், குளுவாங் நில அளவைக்காரன், கோள் காட்டற நேரத்தை நம்பற ஜொகூர் பாரு வங்கிக்காரன் நாலு பேரும் கூப்பிடற நம்பரா அது ஒண்ணே இருக்கணும். எடுக்கறவனுக்கு ஒரு பேர் இருக்கணும், பக்கத்து அறையைக் காட்டாம முடிவெடுக்க அதிகாரம் இருக்கணும். சிங்கப்பூர்ல எதிர் நம்பர் எதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்த நம்பரை வாங்கி எனக்கு அனுப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு நானே கூப்பிட்டுப் பார்ப்பேன்.